பிணத்துக்குப் பிரச்னை இல்லை, உடம்புக்குத்தான்! பிரிட்டிஷ் டிவியின் 'இரவு 9 மணி' கணக்கு என்ன?

2009 ஜூலை. பிரிட்டனின் சேனல் 4 தொலைக்காட்சி, மதிய நேரம். ஓர் அறையின் நடுவில் ஒருவர் உடலில் துணியே இல்லாமல் அசையாமல் இருக்கிறார். கேமரா வெட்கப்பட்டு விலகவில்லை. திரையை மங்கலாக்கும் வேலையும் இல்லை. நிகழ்ச்சியின் பெயர் 'லைஃப் கிளாஸ்: டுடேஸ் நியூட்'. வீட்டில் இருப்பவர்கள் பென்சிலும் தாளுமாக உட்கார்ந்து, திரையில் தெரியும் உடலைப் பார்த்து வரைந்து பழக வேண்டும். அருகில் இருந்து ஓவியர்கள் சொல்லிக்கொடுப்பார்கள். 'பட்டப்பகலில் இதெல்லாமா?' என்று சிலர் புகார் அனுப்பினார்கள். ஒளிபரப்புகளைக் கண்காணிக்கும் ஆஃப்காம் அமைப்பு விசாரித்துவிட்டு, விதிமீறல் எதுவும் இல்லை என்று கைகழுவியது.

அடுத்த ஆண்டு டிசம்பர் 11, சனிக்கிழமை மாலை. ஐடிவி-யில் 'தி எக்ஸ் ஃபேக்டர்' பாட்டுப் போட்டியின் இறுதிச்சுற்று. சிறப்பு விருந்தினர்களாக ரியானாவும் கிறிஸ்டினா அகிலேராவும் மேடையேறுகிறார்கள். இங்கே யாரும் நிர்வாணமாக இல்லை. உடை கொஞ்சம் குறைவு, நடனத்தில் கவர்ச்சி கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். ஆனால் ஆஃப்காமுக்கு வந்து குவிந்தவை 2,868 புகார்கள்!

முழு நிர்வாணம் மதியத்தில் ஓகே. ஆடையோடு ஆடிய ஆட்டம் மாலையில் தேசியப் பிரச்னை. இது என்ன கணக்கு?

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1986-லிருந்து ஓடும் பிபிசி-யின் மருத்துவமனை சீரியல் 'கேஷுவால்ட்டி'. பல ஆண்டுகளாக சனிக்கிழமை மாலைகளில், குடும்பம் மொத்தமும் சோஃபாவில் இருக்கும் நேரத்தில் வந்த தொடர் அது. யாராவது ஒருவர் ஏணியில் இருந்து விழுவார், கார் கவிழும், ரத்தம் பீறிடும். அதைப் பார்த்தபடியே குழந்தைகள் சாப்பிட்டு வளர்ந்திருக்கிறார்கள்.

பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் எதைக் காட்டலாம், எதைக் காட்டக்கூடாது என்ற விவாதம் அரை நூற்றாண்டுக்கும் மேலாக நடக்கிறது. விதிகள் இருக்கின்றன, கண்காணிக்க அமைப்பு இருக்கிறது, அபராதம்கூட இருக்கிறது. ஆனால் உடம்புக்கு ஓர் அளவுகோல், ரத்தத்துக்கு ஓர் அளவுகோல் என்ற குற்றச்சாட்டு மட்டும் போகவே இல்லை.

அது என்ன 'வாட்டர்ஷெட்'?

பிரிட்டனில் டிவி பார்க்கும் எல்லோருக்கும் தெரிந்த சொல் இது. இரவு 9 மணி என்பது ஒரு கோடு. அதற்கு முன்னால் வருபவை குழந்தைகளும் பார்க்கக்கூடிய நிகழ்ச்சிகளாக இருக்க வேண்டும். 9 மணி முதல் அதிகாலை 5.30 மணி வரை பெரியவர்களுக்கான நேரம். இந்தக் கோட்டுக்குத்தான் வாட்டர்ஷெட் என்று பெயர். 1960-களில் வேர்விட்ட பழக்கம். தனியாகக் கட்டணம் கட்டிப் பார்க்கும் பிரீமியம் சினிமா சேனல்களுக்கு மட்டும் இந்தக் கோடு 8 மணியிலேயே வந்துவிடும்.

கோட்டுக்குக் காவல் ஆஃப்காம். 2003 டிசம்பரில் வேலையைத் தொடங்கிய அமைப்பு. தனியார் சேனல்களோடு, 2017 ஏப்ரலில் இருந்து பிபிசி-யையும் கண்காணிக்கும் பொறுப்பு இதனிடம் வந்தது. ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும்: ஆஃப்காம் சென்சார் போர்டு அல்ல. நிகழ்ச்சியை முன்கூட்டியே பார்த்து 'கட்' சொல்லும் அதிகாரம் அதற்குக் கிடையாது. ஒளிபரப்பான பிறகு யாராவது புகார் கொடுத்தால், அல்லது அதன் கண்ணிலேயே பட்டால், எடுத்துப் பார்த்துத் தீர்ப்பு சொல்லும்.

கதை இங்கேதான் சிக்கலாகிறது. ஏனென்றால் புகார் வருவது எதைப் பொறுத்து? காட்சியின் கடுமையைப் பொறுத்தா, இல்லை அடுத்த நாள் பேப்பரில் என்ன வந்தது என்பதைப் பொறுத்தா?

எக்ஸ் ஃபேக்டர் விவகாரத்தில் இதற்குப் பதில் கிடைத்தது. 2,868 புகார்களில் ஏறக்குறைய 2,000 புகார்கள், ஒரு நாளிதழ் அந்த நடனத்தைப் பற்றிக் கொந்தளித்துச் செய்தி போட்ட பிறகு வந்தவை. அதிலும் ஒரு வேடிக்கை. நாளிதழ் வெளியிட்ட சில படங்கள் டிவியில் வந்த காட்சிகளைவிட மோசமாக இருந்தன என்பதை ஆஃப்காமே கண்டுபிடித்துச் சொன்னது. ஆக, டிவியில் வராத ஒன்றைப் பேப்பரில் பார்த்துவிட்டு டிவி மேல் கோபப்பட்டிருக்கிறார்கள்! 2011-ல் வந்த தீர்ப்பு: விதிமீறல் இல்லை, ஆனால் எல்லையின் விளிம்பு வரை போய்விட்டார்கள். அதே ஆண்டு செப்டம்பரில், வாட்டர்ஷெட் நேரத்தை எப்படி மதிக்க வேண்டும் என்று சேனல்களுக்கும் மியூசிக் வீடியோக்களுக்கும் புதிய வழிகாட்டுதலே வெளியானது.

விதி என்ன சொல்கிறது?

'நிர்வாணத்துக்குக் கடுமை, வன்முறைக்குச் சலுகை' என்று விதிப் புத்தகத்திலேயே எழுதியிருப்பார்கள் என்று நினைத்தால், ஏமாற்றம்தான். ஆஃப்காமின் ஒளிபரப்பு விதித் தொகுப்பைப் புரட்டினால் நிலைமை தலைகீழாகத் தெரியும்.

9 மணிக்கு முன் நிர்வாணம் வரலாமா? வரலாம். 'சூழலால் நியாயப்படுத்தப்பட' வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. வன்முறை? அதற்கு இரண்டு நிபந்தனைகள். சூழலும் நியாயப்படுத்த வேண்டும், அளவும் கட்டுக்குள் இருக்க வேண்டும். போதாதென்று, குழந்தைகள் எளிதில் பார்த்துச் செய்துவிடக்கூடிய ஆபத்தான வன்முறைக்குத் தனி விதி வேறு. காகிதத்தில் பார்த்தால் வன்முறைக்குத்தான் கெடுபிடி அதிகம்.

பாலுறவுக் காட்சி என்று வரும்போது மட்டும் குரல் மாறுகிறது. 9 மணிக்கு முன் அது கூடாது. கல்வி நோக்கம் இருந்தால் மட்டுமே விதிவிலக்கு. பெரியவர்களுக்கான பாலியல் காட்சிகளுக்கு என்றே தனி வகை ஒன்றும் உண்டு. இரவு 10 மணிக்கு மேல், கட்டணச் சேனல்களில், பெரியவர்தான் பார்க்கிறார் என்று உறுதி செய்யும் பூட்டு போட்ட பிறகே அவற்றைக் காட்டலாம். இந்தப் பூட்டு விதியை மீறிய வயதுவந்தோர் சேனல்களுக்கு அபராதம் விழுந்திருக்கிறது. 2010-ல் ஒரு நிறுவனத்தின் உரிமமே ரத்தானது. வன்முறைக்கு இதே மாதிரி 'இந்த அளவுக்கு மேல் போனால் பூட்டு' என்று தனி அலமாரி எதுவும் இல்லை. 9 மணி தாண்டிவிட்டால் எல்லாம் ஒரே 'சூழல்' கணக்குதான்.

இந்தச் 'சூழல்' என்ற சொல்தான் இங்கே ஹீரோ, வில்லன் இரண்டும். எந்தச் சேனல், எத்தனை மணி, யார் பார்ப்பார்கள், நிகழ்ச்சியிடம் அவர்கள் என்ன எதிர்பார்ப்பார்கள், முன்னால் எச்சரிக்கை சொன்னார்களா, முன்னும் பின்னும் என்ன ஓடியது... இத்தனையும் அதற்குள் அடக்கம்.

கதை இருந்தால் கொலைக்கு அனுமதி

இந்தச் சூழல் விதி எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ஒரு மதிய நேர உதாரணம். ஐடிவி3 சேனலைப் பகலில் போட்டால் 'மிட்சமர் மர்டர்ஸ்' மறுஒளிபரப்பு ஓடும். அழகான கிராமம், பூந்தோட்டம், தேவாலய மணி. எபிசோடு முடிவதற்குள் இரண்டு மூன்று கொலை. ஒருவரை அம்பால், ஒருவரை ஒயின் பாட்டிலால் என்று விதவிதமாகச் சாவார்கள். பிரிட்டனில் இதை யாரும் 'வன்முறை நிகழ்ச்சி' என்று சொல்வதில்லை. டீயும் பிஸ்கட்டுமாகப் பார்க்கும் பொழுதுபோக்கு. பாட்டிமார்களின் ஃபேவரைட்!

ஏன் உறுத்தவில்லை? கொலைக்கான நியாயத்தைக் கதையே கொடுத்துவிடுகிறது. துப்பறியும் கதை என்றால் பிணம் வேண்டும்தானே? வேண்டியிருக்கிறது என்பதே சூழல் ஆகிவிடுகிறது. எந்தத் திரைக்கதையும் தன் வன்முறைக்கான காரணத்தைக் கையோடு கொண்டுவந்துவிடும்.

நிர்வாணத்துக்கு இந்த வசதி கிடையாது. கதாபாத்திரம் குளிக்கிறது, அதனால் உடையில்லை என்று சொன்னால் மாலை நேரத்தில் செல்லாது. கதைக்கு வெளியில் இருந்து ஒரு சான்றிதழ் வேண்டும். ஓவியக் கலை, மருத்துவம், பாலியல் கல்வி, மானுடவியல்... இதில் ஏதாவது ஒரு முத்திரை இருக்க வேண்டும். 'லைஃப் கிளாஸ்' நிகழ்ச்சிக்குக் கலை முத்திரை இருந்தது. தப்பித்தது.

மானுடவியல் முத்திரைக்குள் ஒளிந்திருக்கும் அசிங்கத்தையும் சொல்லியாக வேண்டும். அமேசான் காட்டிலோ நியூ கினியிலோ வாழும் பழங்குடி மக்களின் ஆடையில்லா உடலை ஆவணப்படங்கள் பல பதிற்றாண்டுகளாகக் காட்டிவந்திருக்கின்றன. அங்கே அது 'பண்பாடு'. அதே கேமரா லண்டன் புறநகரில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தின் குளியலறைக்குள் போனால் 'நிர்வாணம்'. யாருடைய உடம்பு என்பதும் சூழலில் சேர்த்தி என்று எந்த விதியிலும் எழுதவில்லை. எழுதாமலே நடக்கிறது.

மேரி வைட்ஹவுஸ் என்ற பெயர்

இந்த வரலாற்றில் தவிர்க்க முடியாத ஒருவர் மேரி வைட்ஹவுஸ். பள்ளி ஆசிரியையாக இருந்தவர். 1964-ல் 'டிவியைச் சுத்தம் செய்வோம்' என்று பிரசாரத்தைத் தொடங்கி, அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு பிபிசி-யின் தூக்கத்தைக் கெடுத்தவர். ஆபாசத்துக்கு எதிரானவராக மட்டுமே இன்று நினைவுகூரப்படுகிறார். அது பாதி உண்மை. வன்முறையையும் அவர் விட்டுவைக்கவில்லை.

1976 நவம்பரில் குழந்தைகள் விரும்பிப் பார்க்கும் 'டாக்டர் ஹூ' தொடரில் ஓர் எபிசோடு. 'தி டெட்லி அசாசின்' கதையின் மூன்றாம் பகுதி. டாக்டரின் தலையை எதிரி தண்ணீருக்குள் அமுக்கிப் பிடிக்கிறான். மூச்சுக்குத் திணறும் அந்த முகத்தில் காட்சி அப்படியே உறைந்து நிற்க, எபிசோடு முடிகிறது. மீதி அடுத்த வாரம்! ஒரு குழந்தை ஒரு வாரம் முழுக்க அந்த முகத்தை மனதில் சுமந்துகொண்டு இருக்குமே என்பதுதான் வைட்ஹவுஸின் வாதம். பிபிசி மன்னிப்பு கேட்டது. மூலப் பதிவில் இருந்தே அந்த நொடிகள் வெட்டப்பட்டன.

வைட்ஹவுஸ் சொன்ன எல்லாவற்றையும் ஏற்க வேண்டியதில்லை. தன்பாலின ஈர்ப்பாளர்கள் பற்றிய அவரது பார்வை இன்றைக்கு எரிச்சலூட்டக்கூடியது. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவர் கேட்டது சரியான கேள்வி. எவ்வளவு ரத்தம் என்பதை அல்ல, பார்க்கும் குழந்தையிடம் அது எதை விட்டுச்செல்கிறது என்பதைக் கேட்டார்.

நாற்பது ஆண்டுகள் கழித்து ஆஃப்காமும் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தது. 2017 அக்டோபர் மாலையில் ஐடிவி-யின் புகழ்பெற்ற சீரியல் 'கரோனேஷன் ஸ்ட்ரீட்'. வில்லன் பேட் ஃபேலன், ஒருவனை மிரட்டி இன்னொருவனைச் சுடவைக்கிறான். பிறகு சுட்டவனையும் சுட்டுவிடுகிறான். மிரட்டல், கெஞ்சல், அழுகை என்று அந்தக் காட்சி முழுவதும் உலுக்கிவிடும். 9 மணிக்கு முந்தைய நேரத்துக்கு இந்தத் தீவிரம் அதிகம், விதிமீறல்தான் என்று அடுத்த ஆண்டு ஆஃப்காம் சொன்னது. ஆக, வன்முறையை அது கண்டுகொள்வதே இல்லை என்பது அநியாயமான குற்றச்சாட்டு. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. நிர்வாணம் ஒரு நொடி வந்தாலே கேள்வி எழும். வன்முறை இந்த அளவுக்கு உச்சம் தொட்டால்தான் கேள்வி எழும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வருவதை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை.

செய்தி என்றால் இன்னொரு கணக்கு

2013 மே 22. லண்டனின் வூலிச் பகுதியில் ராணுவ வீரர் ஒருவர் நடுத்தெருவில் வெட்டிக் கொல்லப்பட்டார். கொலை செய்தவர்களில் ஒருவன் ரத்தம் தோய்ந்த கைகளோடு, ஆயுதத்தைப் பிடித்தபடி கேமராவைப் பார்த்துப் பேசும் வீடியோவை ஐடிவி மாலைச் செய்தியிலேயே காட்டியது. மற்ற சேனல்களும் காட்டின. நூற்றுக்கணக்கான புகார்கள். 2014 ஜனவரியில் ஆஃப்காம் எல்லாச் சேனல்களையும் விடுவித்தது. மக்கள் தெரிந்துகொள்ள வேண்டிய அசாதாரணச் செய்தி என்பது காரணம். கூடவே, இப்படிப்பட்ட காட்சிகளுக்கு முன் ஒழுங்காக எச்சரிக்கை சொல்லுங்கள் என்று ஒரு குட்டும் வைத்தது.

தீர்ப்பில் தவறு சொல்வது கடினம். உண்மையில் நடந்த கொடூரத்தை மறைக்கும் செய்தி, செய்தியே இல்லை. ஆனாலும் அன்று மாலை ஹோம்வொர்க் செய்துகொண்டிருந்த பத்து வயசுப் பிள்ளைக்குச் செய்தியும் சினிமாவும் வேறு வேறு என்று ஆஃப்காம் வந்து விளக்கப்போவதில்லை.

9 மணிக்கு மேல் என்ன நடக்கிறது?

கோட்டைத் தாண்டியதும் பிரிட்டன் வேறு ஆள். 2016 ஜூலையில் சேனல் 4 'நேக்கட் அட்ராக்‌ஷன்' என்ற டேட்டிங் ஷோவைத் தொடங்கியது. நேரம் இரவு 10 மணி. வண்ணக் கண்ணாடிக் கூண்டுகளுக்குள் ஆறு பேர் நிர்வாணமாக நிற்பார்கள். திரை காலில் இருந்து மெல்ல மெல்ல மேலே ஏறும். முகம் தெரிவது கடைசியில்தான்! உடம்பைப் பார்த்து ஒவ்வொருவராகக் கழித்து, மிஞ்சும் ஒருவரோடு வெளியே போகலாம். எதையும் மறைக்கவில்லை, எதையும் மங்கலாக்கவில்லை.

புகார்கள் பறந்தன. ஆஃப்காம் விசாரணைக்கே எடுக்கவில்லை. பாலுறவுச் செயல் எதுவும் இல்லை, எச்சரிக்கை தெளிவாக இருந்தது, நேரமும் வாட்டர்ஷெட்டுக்குப் பிறகு என்று முடித்துக்கொண்டது. 2023-ல் இதே நிகழ்ச்சி அமெரிக்காவின் மேக்ஸ் ஓடிடி-யில் வந்தபோது, 'இது பிரிட்டனில் சாதாரண டிவி-யிலா வருகிறது?' என்று அங்குள்ளவர்கள் வாயைப் பிளந்தார்கள். அமெரிக்காவில் சாதாரண ஒளிபரப்புக்கான கூட்டமைப்பு விதி, ஆபாசத்தைத்தான் இரவு 10 மணிக்கு மேல் தள்ளுகிறது. வன்முறைக்கு அப்படி நேரக் கட்டுப்பாடே கிடையாது. அதோடு ஒப்பிட்டால் பிரிட்டன் எவ்வளவோ நேர்மை.

ஆனால் 9 மணிக்கு மேல் உடம்பும் ரத்தமும் சந்திக்கும் ஓர் இடம் இருக்கிறது. பிணவறை மேஜை. 1996-லிருந்து பிபிசி-யில் ஓடும் 'சைலன்ட் விட்னஸ்' போன்ற தொடர்களுக்கு அது வழக்கமான களம். உயிரோடு இருக்கும் பெண்ணின் உடலைக் காட்ட ஆயிரம் யோசிக்கும் டிவி, கொலையான பிறகு அதே உடலைத் தயங்காமல் காட்டும். ஏனென்றால் இப்போது அதற்கு மருத்துவ முத்திரையும் இருக்கிறது, கதை முத்திரையும் இருக்கிறது. 2013-ல் பிபிசி 2-ல் வந்த 'தி ஃபால்' தொடர் இந்த விவாதத்தைச் சூடாக்கியது. பெண்களைக் கொல்பவனின் பார்வையில் கேமரா மயங்கி நிற்கிறது என்றார்கள் விமர்சகர்கள்; பாதிக்கப்பட்ட பெண்களுக்கு முகமும் வாழ்க்கையும் கொடுத்த தொடர் என்றார்கள் ஆதரித்தவர்கள். இரண்டு தரப்பிலும் நியாயம் இருந்தது. இப்படிப்பட்ட காட்சியை எந்தத் தலைப்பில் சேர்ப்பது, நிர்வாணமா, வன்முறையா என்பதற்கு விதிப் புத்தகத்தில் பதில் இல்லை.

அப்போ விதியை இறுக்கிவிடலாமா?

எளிதாகத் தோன்றும். செய்தால் விபரீதம்தான். 'நிர்வாணம் கூடாது' என்று ஒரே வரியில் எழுதினால் மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனையைச் சொல்லிக்கொடுக்கும் நிகழ்ச்சியும் போகும், மைக்கேலேஞ்சலோவின் சிற்பமும் போகும். 'ரத்தம் கூடாது' என்று எழுதினால் போர்ச் செய்தியே போகும். சூழலைப் பார்ப்பது தப்பில்லை. நிர்வாணத்திடம் 'நீ ஏன் இங்கே, இந்த நேரத்தில்?' என்று பொறுமையாகக் கேட்கிறார்களே, அதே கேள்வியைக் கொலையிடமும் கேட்கலாமே என்பதுதான் நியாயமான கோரிக்கை. 'கதைக்குத் தேவை' என்ற பதிலோடு விட்டுவிடாமல்.

இதற்கிடையில் கடிகாரமே செல்லாக்காசு ஆகிவருகிறது. 'நேக்கட் அட்ராக்‌ஷன்' 10 மணிக்குத்தான் ஒளிபரப்பாகும், சரி. சேனல் 4-ன் ஸ்ட்ரீமிங் தளத்தில் காலை 10 மணிக்கும் பார்க்கலாம். பிபிசி ஐபிளேயரிலும் எச்சரிக்கைக் குறியும் பெற்றோர் பூட்டும்தான் காவல். நெட்ஃபிளிக்ஸோ பிரிட்டனில் தன் படங்களுக்கும் தொடர்களுக்கும் பிபிஎஃப்சி-யின் சினிமா வயது வரம்புகளைப் பயன்படுத்துகிறது. பாலியல் தொனி இல்லாத நிர்வாணம் எப்போதாவது வந்தால், குழந்தைகளுக்கான 'யு' சான்றிதழே கிடைக்கும் என்பது அந்த அமைப்பின் வழிகாட்டுதல். டிவி கேட்கும் அதே சான்றிதழ்களை இது கேட்பதில்லை.

2024 மே மாதம் பிரிட்டனில் புதிய ஊடகச் சட்டம் நிறைவேறியது. பெரிய ஸ்ட்ரீமிங் நிறுவனங்களையும் டிவிக்கு இருப்பதைப் போன்ற ஒரு விதித் தொகுப்புக்குள் கொண்டுவர ஆஃப்காமுக்கு அது அதிகாரம் தருகிறது. தீங்கு, புகார், எச்சரிக்கை, வயதுக் குறியீடு எல்லாம் அதில் பேசப்படும். வாட்டர்ஷெட் மட்டும் கூட வராது. போனில் விரலைத் தட்டியதும் ஓடும் நிகழ்ச்சிக்கு இரவு 9 மணி என்று ஒன்று கிடையாதே.